பிரீமியத்தை மண்டியிட வைக்கப் பத்து வழிகள்

கார் வைத்திருப்பவர்களுக்கு வருடத்தில் ஒருநாள் கட்டாயம் ரத்தக்கொதிப்பு ஏறும். இன்ஷூரன்ஸ் ரெனியூவல் குறுஞ்செய்தி வரும் நாள் அது. காருக்கு ஒரு வயது கூடியிருக்கும், விலை இறங்கியிருக்கும், பின் கதவில் பக்கத்து வீட்டுப் பையன் சைக்கிளால் போட்ட கோடு வேறு இருக்கும். விபத்து இல்லை, கிளைம் இல்லை, ஒரு போலீஸ்காரர்கூட மறித்ததில்லை. ஆனாலும் பிரீமியம் மட்டும் போன வருடத்தைவிட அதிகம்.

இப்படி நொந்துபோனவர்களுக்காக டீக்கடை, அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குழு, கல்யாணப் பந்தி ஆகிய மூன்று பல்கலைக்கழகங்களிலும் பரிந்துரைக்கப்படும் வழிகளைத் தொகுத்து, அவற்றின் பலாபலன்களோடு இங்கே தருகிறோம். வரிசை மாறாமல் செய்யவும். பின்விளைவுகளுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல.

வழி 1: சரியான ஆளைத் திட்டுங்கள்

கோபப்பட்டால் மட்டும் போதாது. அது உரிய முகவரிக்குப் போய்ச் சேரவேண்டும். பாலிசியை விரித்துப் பார்த்தால் பிரீமியம் ஒரு கூட்டணித் தொகை என்பது தெரியும்.

முதல் பங்காளி தேர்ட் பார்ட்டி. உங்கள் கார் இடித்து அடுத்தவருக்கு ஏதாவது ஆனால் அதற்கான காப்பு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி இது கட்டாயம். இதற்கு விலை வைப்பது மத்திய அரசு. 2022 ஜூன் 1 அன்று அமலுக்கு வந்த பட்டியலில் 1,000 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு 2,094 ரூபாய், 1,500 சி.சி. வரை 3,416 ரூபாய், அதற்கு மேல் 7,897 ரூபாய். எந்தக் கம்பெனியின் படியேறினாலும் தொகை இதேதான். இதற்காக ஏஜென்டைத் திட்டிப் பயனில்லை; டெல்லிக்குப் போய்த்தான் திட்டவேண்டும். தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் தினமும் இரவு சென்ட்ரலிலிருந்து கிளம்புகிறது.

இரண்டாவது பங்காளி ஓன் டேமேஜ். உங்கள் காருக்கே ஆகும் சேதத்துக்கு. இதற்கும் ஒரு காலத்தில் அரசாங்க அட்டவணை இருந்தது. 2007 ஜனவரியில் அந்தக் கட்டு அவிழ்ந்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு கம்பெனிக்கும் ஒரு கணக்கு. பம்பருக்குள் சென்சாரும் முன்கண்ணாடியில் கேமராவும் வந்தபிறகு அந்தக் கணக்கு மேல்நோக்கியே போகிறது. பேரம் பேச இடமிருப்பது இங்கே மட்டும்தான்.

மூன்றாவது பங்காளி 18 சதவீத ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பரில் தனிநபர் ஆயுள், மருத்துவ இன்ஷூரன்ஸுக்கு வரியே இல்லை என்று ஆக்கினார்கள். கார் அந்தப் பட்டியலில் இல்லை. உங்கள் உடம்புக்கு வரி கிடையாது. அதை ஏற்றிக்கொண்டு போகும் வண்டிக்கு உண்டு.

இன்னொரு ரகசியம். 2018 செப்டம்பர் முதல், புதுக் கார் வாங்கும்போதே மூன்று வருடத்துக்கான தேர்ட் பார்ட்டியை மொத்தமாகக் கட்டவேண்டும். அதனால் அடுத்த இரண்டு ரெனியூவலிலும் ஓன் டேமேஜ் மட்டும் கட்டிவிட்டு, ‘பரவாயில்லையே, மலிவாக இருக்கிறதே’ என்று மகிழ்ந்திருப்பீர்கள். மூன்றாவது ரெனியூவலில், மறந்துபோன தேர்ட் பார்ட்டி திரும்ப வந்து உட்காரும். அந்த வருடம் யாரும் விலையை ஏற்றியிருக்கத் தேவையில்லை. ஆனாலும் திட்டுங்கள். பழகிவிட்டது.

வழி 2: காரின் மதிப்பை நீங்களே குறைத்துக்கொள்ளுங்கள்

கார் களவு போனாலோ நொறுங்கிப் போனாலோ கம்பெனி அதிகபட்சம் தரும் தொகைக்கு ஐ.டி.வி. என்று பெயர். ஓன் டேமேஜ் பிரீமியம் இதை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. கார் தயாரித்த நிறுவனம் அறிவித்த விற்பனை விலையில், காருக்கு ஒரு வயது தாண்டினால் 20 சதவீதம் கழிவு. இரண்டு தாண்டினால் 30, மூன்றுக்கு 40, நான்குக்கு 50. ஐந்து வயதுக்கு மேல் நீங்களும் கம்பெனியும் பேசி முடிவுசெய்துகொள்ளலாம்.

இன்ஷூரன்ஸ் இணையதளங்களில் ஐ.டி.வி.யை ஏற்றி இறக்க ஒரு கோடும் அதன்மேல் ஒரு உருண்டையும் இருக்கும். விரலால் உருண்டையை இடது பக்கம் தள்ளுங்கள். பிரீமியம் இறங்கும். மனிதன் தன் கைவிரலால் விலைவாசியைக் குறைக்கும் அபூர்வமான தருணம் அது.

ஒரே ஒரு நிபந்தனை: காரை யாரும் திருடக் கூடாது. திருடனுக்கு உங்கள் ஐ.டி.வி. தெரியாது, அவன் சந்தை விலைக்குத்தான் விற்பான். பெரிதாக இடிபடவும் கூடாது. பழுதுபார்க்கும் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் ‘டோட்டல் லாஸ்’ என்று எழுதிவிடுவார்கள். ஐந்தரை லட்சம் பெறும் காரை நான்கு லட்சம் என்று இறக்கி வைத்தவருக்கு, மூன்று லட்சத்துக்கு மேல் எஸ்டிமேட் வந்தாலே கார் காலாவதி. வண்டி ஓடக்கூடிய நிலைக்கு வந்துவிடும் என்று மெக்கானிக் சொல்வார். இல்லை, அது இறந்துவிட்டது என்று காகிதம் சொல்லும்.

வழி 3: கிளைம் கேட்கவே கேட்காதீர்கள்

கிளைம் இல்லாமல் ஒரு வருடம் ஓட்டினால் ஓன் டேமேஜில் 20 சதவீதம் தள்ளுபடி. அடுத்தடுத்து 25, 35, 45, கடைசியில் 50. இதுதான் நோ கிளைம் போனஸ். ஒரே ஒரு கிளைம் கேட்டால் போதும், ஏணியின் உச்சியிலிருந்து தரைக்கு வந்துவிடுவீர்கள்.

தி. நகரில் ஒரு ஆட்டோ கதவை உரசிவிட்டுப் போகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டிங்கரிங், பெயின்டிங் எல்லாம் சேர்த்து ஏழாயிரம் ரூபாய். இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று கை பரபரக்கும். பொறுங்கள். உங்கள் ஓன் டேமேஜ் கட்டணம் 12,000 ரூபாய் என்றால், 50 சதவீதம் போக 6,000 கட்டிவருகிறீர்கள். கிளைம் கேட்டால் அடுத்த வருடம் முழு 12,000. அதற்கடுத்த வருடங்களில் 9,600, 9,000, 7,800, 6,600. கட்டணம் மாறாமலே இருந்தாலும் பழைய 6,000-க்கு வந்து சேர்வதற்குள் 15,000 ரூபாய் கூடுதலாகக் கட்டியிருப்பீர்கள், அதன்மேல் வரி. ஆக, ஏழாயிரத்தைச் சொந்தக் கையிலிருந்து கொடுப்பதே லாபம். ஷோகேஸில் பூட்டி வைத்த பீங்கான் கோப்பைகளை எந்த விருந்தாளிக்கும் எடுக்காத பாட்டிமார்கள் இந்தத் தத்துவத்தை முன்பே அறிந்தவர்கள்.

சிலர் இன்னும் ஒருபடி மேலே போய், வேறு கம்பெனிக்கு மாறி, ‘கிளைமா? நானா? எப்போது?’ என்பார்கள். புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் விசாரித்துக்கொள்ளும். உங்களுக்கு மறந்துபோனது அவர்கள் கணினிக்கு மறப்பதில்லை. பொய்யாக வாங்கிய போனஸ், பெரிய கிளைம் வரும் நாளில்தான் வெளியே வரும்.

வழி 4: ‘நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று வீரம் பேசுங்கள்

ஒவ்வொரு கிளைமிலும் முதல் ஆயிரம் ரூபாய் உங்கள் பொறுப்பு, 1,500 சி.சி.க்கு மேல் என்றால் இரண்டாயிரம். இது கட்டாயக் கழிவு. இதற்கு மேலும் ஒரு தொகையை நானே ஏற்றுக்கொள்கிறேன் என்று நீங்களாக முன்வந்தால் பிரீமியத்தில் தள்ளுபடி உண்டு. இதற்கு வாலன்டரி டிடக்டிபிள் என்று பெயர்.

பழைய கட்டண விதிகளில் இந்த வீரத்துக்கு நிர்ணயித்த பரிசைப் பாருங்கள்: 15,000 ரூபாய் வரை நானே சுமக்கிறேன் என்றால் 35 சதவீதத் தள்ளுபடி, ஆனால் உச்சவரம்பு 2,500 ரூபாய். வருடத்துக்கு அதிகபட்சம் 2,500 மிச்சம், ஒரு விபத்து நடந்தால் 15,000 செலவு. ஆறு வருடம் தொடர்ந்து எதிலும் இடிக்காமல் இருந்தால் கணக்கு நேராகும். ஒரு நாளைக்கு ஒருமுறையாவது கத்திப்பாராவைச் சுற்றுபவர்கள் தங்கள் ஜாதகத்தைப் பார்த்துவிட்டு முடிவெடுக்கவும்.

வழி 5: பம்பர் டு பம்பரை வெட்டுங்கள்

சாதாரண பாலிசியில், மாற்றும் பாகத்துக்குத் தேய்மானம் கழித்துத்தான் பணம் வரும். ரப்பர், பிளாஸ்டிக், டயர், பேட்டரிக்கெல்லாம் பாதி. ஃபைபருக்கு 30 சதவீதம். இரும்புப் பாகங்களுக்குக் காரின் வயதைப் பொறுத்து. கண்ணாடிக்கு மட்டும் தேய்மானம் கிடையாது. இந்தக் கழிவு எதுவும் வேண்டாம் என்பதற்கான கூடுதல் காப்பைத்தான் ஜீரோ டெப்ரிசியேஷன் என்று கம்பெனியும், பம்பர் டு பம்பர் என்று ஊரும் சொல்கிறது.

2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம், செப்டம்பர் முதல் விற்பனையாகும் புது வண்டிகளுக்கு ஐந்து வருட பம்பர் டு பம்பர் இன்ஷூரன்ஸ் கட்டாயம் என்று உத்தரவிட்டது. அடுத்த மாதமே அதைத் திரும்பப் பெற்றது. ஆகவே சட்டத்தின் தடை ஏதுமில்லை, தாராளமாக வெட்டலாம்.

வெட்டியபின், காரில் எதெல்லாம் பிளாஸ்டிக் என்று ஒருமுறை சுற்றிவந்து தட்டிப் பாருங்கள். முன் பம்பர், பின் பம்பர், கிரில், கண்ணாடி மூடி, டேஷ்போர்டு, விளக்கின் உடல். இருபதாயிரம் ரூபாய் பம்பர் உடைந்தால் கம்பெனி பத்தாயிரத்தை எடுத்து, அதிலும் ஆயிரத்தைக் கழித்து, ஒன்பதாயிரம் தரும். சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயர் கல்நெஞ்சர் என்று நினைக்காதீர்கள். நீங்கள் கையெழுத்துப் போட்டதை அவர் வாசித்துக் காட்டுகிறார், அவ்வளவுதான்.

வழி 6: எஞ்சின் புரொடெக்டா? நம் தெருவில் தண்ணீரே நிற்காது

இந்த வழி சென்னைவாசிகளுக்கானது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலையும் பார்த்தபிறகும், பங்குனி வெயிலில் ரெனியூவல் வந்தால், எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்தால் கைகொடுக்கும் ‘எஞ்சின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் காப்பை (ஆட்-ஆன்) நீக்கிவிடுவது நம் மரபு. வெயில் காலத்தில் வெள்ளம் நம்பமுடியாத கதையாகவே தோன்றும்.

விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள்: ‘வெள்ளச் சேதம் சாதாரண காம்ப்ரிஹென்சிவ் பாலிசியிலேயே வருமே!’ உண்மை. சீட் ஊறியது, வயரிங் போனது, உள்ளே சேறு ஏறியது எல்லாம் வரும். தண்ணீரில் நிற்கும் காரை நீங்கள் ஸ்டார்ட் செய்தீர்கள் என்றால்தான் விஷயம் வேறாகிவிடுகிறது.

அந்தக் காட்சி பெரும்பாலும் இப்படித்தான் நடக்கும். தண்ணீர் சக்கரம் அளவுக்கு வடிந்திருக்கும். வாட்ச்மேன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வருவார்.

“சார், ஒரு தடவ ஸ்டார்ட் பண்ணித்தான் பாருங்களேன்.”

“வேணாம்ணே, உள்ள தண்ணி போயிருக்கும்.”

“மூணாவது மாடி சாரோடது ஸ்டார்ட் ஆயிடுச்சே சார்.”

இந்தக் கடைசி வாக்கியத்தைத் தாங்கும் மனிதன் இன்னும் பிறக்கவில்லை. சாவியைத் திருப்புவீர்கள். காற்று போகவேண்டிய வழியில் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்காது. பிஸ்டன் அதன்மேல் போய் மோத, கனெக்டிங் ராடு வளையும். எஞ்சின் இறுகிவிடும். இது வெள்ளம் செய்த சேதம் அல்ல, வெள்ளத்துக்குப் பிறகு நீங்கள் செய்த சேதம் என்று கம்பெனி சொல்லும். எஞ்சின் புரொடெக்ட் இல்லாதவர் அங்கேயே நின்று மூன்றாவது மாடியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

சாவியைத் தொடாமல், பேட்டரி இணைப்பைக் கழற்றி, போட்டோ எடுத்து, கம்பெனிக்குத் தகவல் சொல்லி, டோ வண்டியில் ஏற்றி அனுப்புபவரும் உண்டு. அவருக்கு வாட்ச்மேனின் மரியாதை கிடைக்காது. கிளைம் கிடைக்கும்.

பிரீமியமே இல்லாத எஞ்சின் புரொடெக்ட் ஒன்றும் இருக்கிறது. 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்ததும் வேளச்சேரி மக்கள் கார்களை மேம்பாலத்தின்மேல் வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஆட்-ஆன் எதுவும் இல்லை, ஜி.எஸ்.டி. இல்லை. முந்திக்கொண்டு இடம் பிடிக்கவேண்டும், அவ்வளவுதான்.

வழி 7: ஊரை மாற்றுங்கள், சங்கத்தில் சேருங்கள்

பழைய கட்டண விதிகள் நாட்டை இரண்டாகப் பிரித்தன. சென்னை, மும்பை, டெல்லி, பெங்களூரு உள்ளிட்ட எட்டு நகரங்கள் ‘ஏ’ மண்டலம், மற்றதெல்லாம் ‘பி’. ஏ மண்டலத்தில் கட்டணம் அதிகம். ஆகவே குடும்பத்தோடு விழுப்புரத்துக்குக் குடிபெயர்ந்து அங்கே காரைப் பதிவுசெய்யுங்கள். 1,000 சி.சி.க்கு உட்பட்ட, ஐந்து வயது தாண்டாத காருக்கு ஏ மண்டலத்தில் 3.127 சதவீதம், பி-யில் 3.039. ஐந்து லட்சம் மதிப்புள்ள காருக்கு மிச்சம் 440 ரூபாய். லாரி வாடகை இதில் அடங்காது.

வீடு மாற முடியாதவர்கள் ஆட்டோமொபைல் சங்கத்தில் உறுப்பினராகலாம். 5 சதவீதத் தள்ளுபடி, உச்சவரம்பு 200 ரூபாய். அங்கீகரிக்கப்பட்ட திருட்டுத் தடுப்புக் கருவி பொருத்தலாம். 2.5 சதவீதம், உச்சவரம்பு 500 ரூபாய். கருவியின் விலையைக் கேட்டுத் திருட்டுப் பயமே போய்விடும்.

வழி 8: பாலிசியைக் காலாவதியாக விடுங்கள்

மிகப் பெரிய சேமிப்பு இதுதான், நூற்றுக்கு நூறு. பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய் அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். மறுமுறை அபராதம் 4,000. 90 நாள் தாண்டினால், வருடக்கணக்காகக் கட்டிக் காத்த நோ கிளைம் போனஸும் போகும். மறுபடி எடுக்கப் போனால், கம்பெனியின் ஆள் வந்து பெண் பார்ப்பதற்கு மேலாகக் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்ப்பார்.

இதுவரை சொன்னதில் வேடிக்கை இருந்தது. அடுத்து வருவதில் இல்லை. பாலிசி இல்லாத ஒரு நாளில் உங்கள் கார் ஒருவரை இடித்து அவர் இறந்துபோனால், வழக்கு மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும். இறந்தவரின் வயது, வருமானம், அவரை நம்பியிருந்தவர்கள் ஆகியவற்றை வைத்து இழப்பீடு கணக்கிடுவார்கள். மரணத்துக்கும் காயத்துக்கும் தேர்ட் பார்ட்டி பாலிசியில் உச்சவரம்பு கிடையாது. எத்தனை லட்சமானாலும் கம்பெனி கட்டும். பாலிசி இல்லையென்றால் நீங்கள் கட்டவேண்டும். உங்களிடம் இல்லையென்றால் அந்தக் குடும்பத்துக்குக் கிடைக்காது. இரண்டு குடும்பங்கள் தெருவுக்கு வர, 3,416 ரூபாய் மிச்சம் பிடித்தது காரணமாக இருக்கும்.

வழி 9: ஏஜென்டிடம் உரிமையோடு கேளுங்கள்

மேலே சொன்னதையெல்லாம் படிக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு உகந்தது.

“என்ன தம்பி, போன வருஷம் பதினாலாயிரம்தானே? இப்ப பதினேழு சொல்றீங்க?”

“உங்களுக்காகப் பேசிப் பாக்கறேன் சார். பத்து நிமிஷம் குடுங்க.”

பத்தாவது நிமிடம் போன் வரும். “சார், பன்னெண்டரைக்கு முடிச்சுட்டேன் சார். மேனேஜர்கிட்ட சண்டை போட்டு வாங்கினேன்.”

உங்களுக்கு நெகிழ்ச்சி பொங்கும். உடனே பணம் அனுப்புவீர்கள். மேனேஜரோடு அவர் சண்டை போட்டது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் பாலிசியைத் திறந்து பார்த்தால் ஐ.டி.வி. எண்பதாயிரம் குறைந்திருக்கும், ஜீரோ டெப் காணாமல் போயிருக்கும், 15 லட்சம் ரூபாய்க்கான ஓட்டுநர்-உரிமையாளர் விபத்துக் காப்பு நீக்கப்பட்டு, ‘வேறு பாலிசியில் இருக்கிறது’ என்று உங்கள் சார்பில் ஓர் உறுதிமொழி ஏறியிருக்கும். வேறு பாலிசி எங்கே இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது.

அவர் ஏமாற்றவில்லை. விலையைக் குறைக்கச் சொன்னீர்கள், சரக்கைக் குறைத்தார். இந்தப் பட்டியலில் இருக்கும் எல்லா வழிகளும் செய்வது இதைத்தான். பிரீமியம் குறையும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஓர் ஆபத்து கம்பெனியின் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு மாறுகிறது. அப்படி மாறுவதில் தவறில்லை. பத்து வயதுக் காருக்கு ஜீரோ டெப் தேடி அலையவேண்டியதில்லை, மாதம் இருமுறை மட்டும் கோயிலுக்கு எடுக்கும் காருக்குக் கிலோமீட்டருக்கு ஏற்ற பாலிசி வாங்கலாம். எதை விற்றோம் என்று தெரிந்து விற்கவேண்டும், அவ்வளவுதான்.

வழி 10: காரையே விற்றுவிடுங்கள்

இன்ஷூரன்ஸ் பிரச்சினைக்கு நிரந்தரத் தீர்வு. இதில் ஓர் இன்ப அதிர்ச்சியும் உண்டு: நோ கிளைம் போனஸ் காருக்குச் சொந்தமில்லை, உங்களுக்குச் சொந்தம். கம்பெனியிடம் சான்று வாங்கி வைத்துக்கொண்டால் மூன்று வருடத்துக்குள் வாங்கும் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். கார் இல்லாமல் 50 சதவீதத் தள்ளுபடி மட்டும் வைத்திருக்கும் சுகம் எல்லோருக்கும் வாய்க்காது.

ஆர்.சி. புத்தகத்தில் பெயர் மாறிவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீடும் அவர் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ‘வண்டி கொடுத்து ரெண்டு வருஷம் ஆச்சுங்க’ என்பது அங்கே எடுபடாது.

பின்குறிப்பு

இந்தப் பத்தும் பிடிக்காதவர்களுக்குப் பதினோராவதாக ஒரு வழி உண்டு. பாலிசி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே போன வருடப் பாலிசியை எடுத்து வையுங்கள். அதில் உள்ள ஐ.டி.வி., ஆட்-ஆன், டிடக்டிபிள் எல்லாவற்றையும் ஒரே மாதிரி வைத்து மூன்று கம்பெனிகளில் விலை கேளுங்கள். ஓன் டேமேஜ் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். மற்றதெல்லாம் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். குறைந்த விலையை உங்கள் ஏஜென்டிடம் காட்டி, இதே சரக்கு இதே விலைக்கு முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் மாறிவிடுங்கள். போனஸ் உங்களோடு வரும். பின்னால் கிளைமில் தகராறு வந்து, கம்பெனிக்கு எழுதியும் தீரவில்லை என்றால், இன்ஷூரன்ஸ் குறைதீர்ப்பாளர் அலுவலகம் சென்னையிலேயே இருக்கிறது. கட்டணமும் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

மொத்தம் அரைமணி நேர வேலை. திட்டுவதற்கு ஆள் கிடையாது, சண்டை போட மேனேஜர் கிடையாது, பந்தியில் சொல்லிக்கொள்ளும் அளவுக்கு இதில் கதையும் கிடையாது. அதனால்தான் கடைசியில் வைத்தோம். பெரும்பாலானவர்கள் இந்தப் பத்திக்கு வருவதற்குள் ஒன்பதாவது வழியில் பணம் அனுப்பியிருப்பார்கள்.